சாமைச் சோறு

சாமைச் சோறு என்பது சாமை என்னும் சிறுதானியத்தின் உமியை நீக்கிப் பெறப்படும் அரிசியால் சமைக்கப்படும் உணவாகும். கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கல்வராயன் மலை, சேர்வராயன் மலை, கொல்லிமலை, சவ்வாது மலை முதலிய இடங்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் மரபு உணவுகளுள் இது முதன்மையானது. கேழ்வரகுக் களி இதற்கு இணையாக வைத்து எண்ணத்தக்கது. இங்கு மலையாளி என்பது மலையில் வாழ்வோர் என்னும் பொருளது. இவர்கள் தமிழ் பேசுவோர். கேரளத்து மலையாளிகளோடு இவர்களைக் குழப்பிக் கொள்ளலாகாது.

கல்வராயன் மலை, 2019 ஆம் ஆண்டு விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கில், சேலம் மாவட்டத்தை ஒட்டி அமைந்துள்ளது.

தானியம்

சாமை இந்தியாவிலேயே பயிராக்கப்பட்ட புல்லினத் தாவரம். தெலுங்கில் சாமலு என்றும் இந்தியில் குட்கி என்றும் அழைக்கப்படுகிறது. மழையை நம்பிச் சரிவு நிலங்களில் விதைக்கப்படும் இப்பயிர் ஏறத்தாழ மூன்று மாதங்களில் விளையும். உமியோடு சேமித்த சாமையைப் பூச்சி எளிதில் தாக்குவதில்லை. ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கலாம் என்பதால் மழை பொய்த்த காலங்களில் கைகொடுத்தது. ஆனால் அரிசியாக்கிய பின் நெடுநாள் தாங்காது. தவிட்டிலுள்ள கொழுப்பு சிக்கலடித்துவிடும். எனவே தேவைப்படும் அளவு மட்டும் அவ்வப்போது குத்திக்கொள்வதே வழக்கம்.

உமி நீக்கல்

சாமை உணவின் வரலாற்றை அறிய இப்பகுதியே இன்றியமையாதது. ஆயிரம் மணிகள் சேர்ந்தாலும் மூன்று கிராம் எடை தேறாத அளவுக்குச் சாமை சிறியது. உமியோ மணியை இறுகப் பற்றியிருக்கும். வெயிலில் காயவைத்துத் திருகையில் உடைத்தோ, உரலில் உலக்கையால் குத்தியோ, முறத்தில் புடைத்து, மீண்டும் குத்தி, மீண்டும் புடைக்க வேண்டும். அதன் பின் மணியளவே உள்ள கற்களை நீரில் அரித்து நீக்க வேண்டும். ஒரு குடும்பத்தின் ஒருவேளைச் சோற்றுக்கே நெடுநேரம் ஆகும். இவ்வேலை முழுவதும் பெண்களைச் சார்ந்தே இருந்தது.

சமைக்கும் முறை

கொதிக்கும் உலைநீரில் அரித்த சாமையை இட்டு, குழைவதற்கு முன் இறக்க வேண்டும். நெல்லரிசியை விட விரைவில் வேகும். கவனம் தவறினால் கஞ்சியாகிவிடும். மொச்சை, அவரை, துவரை இட்ட குழம்பும் கீரைக் கடைசலும் இதற்குப் பொருந்துவன. மீந்த சோற்றை நீரூற்றிக் காலையில் கரைத்துக் குடிப்பதும் உண்டு. சாமை உப்புமா, சாமைப் பிரியாணி ஆகியவை அண்மைக்கால நகர உணவுகள்.

பிற நாடுகளில்

எத்தியோப்பியாவின் இஞ்செரா, தெஃப் என்னும் மிகச் சிறிய தானியத்தின் மாவைப் புளிக்கவைத்துச் சுடப்படுவது. தெஃப் முழு மணியாகவே அரைக்கப்படுவதால் அங்கு உமிச் சிக்கல் இல்லை. சாமையோடு நெருங்கி ஒப்பிடத்தக்கது மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபோனியோ. அதையும் பெண்களே உரலில் குத்தி வந்தனர். செனகல் நாட்டுப் பொறியாளர் சனூசி தியாக்கித்தே 1990களில் ஃபோனியோவுக்கென உமி நீக்கும் பொறி ஒன்றை உருவாக்கினார்.

ஊட்டம்

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் சாமையில் ஏறத்தாழ 10 கிராம் புரதமும் 7.7 கிராம் நார்ப்பொருளும் உள்ளன. இரும்புச்சத்து 9.3 மில்லிகிராம் என்று பரவலாக எழுதப்படுவது பழைய அட்டவணையின் அளவு. புதிய அட்டவணை 1.26 மில்லிகிராம் என்றே காட்டுகிறது. சாமையை இரத்தசோகைக்கு மருந்தாகப் பரிந்துரைப்போர் இதைக் கருதுதல் நலம். தீட்டிய சாமையில் நார்ப்பொருள் இன்னும் குறையும்.

அருகி வருதல்

மரவள்ளிக் கிழங்குச் சாகுபடி மலைகளில் பரவியது சாமை நிலங்கள் சுருங்க ஒரு காரணம். ஆத்தூர், சேலம் வட்டாரங்களின் சவ்வரிசி ஆலைகள் கிழங்கை வாங்கிக்கொள்வதால் கையில் பணம் கிடைக்கும். மற்றொன்று நியாயவிலைக் கடை அரிசி. 2008 இல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 சூன் முதல் விலையின்றியும் அரிசி கிடைத்தபின், உலக்கை பிடிக்க வேண்டிய தேவை குறைந்தது. மக்கள் மரபை மறந்தனர் என்று குறை கூறுவது எளிது. குத்தியவர்களின் தோள்வலியைக் கணக்கில் கொண்டால் அம்முடிவு வியப்பளிக்காது.

கொல்லிமலையில் எம். எசு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிற்றூர்களில் சிறு அரைவை இயந்திரங்களை அமைக்க உதவியது. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை போன்ற நாட்டு வகைகளின் விதைகளைக் காக்கும் பணியிலும் ஈடுபட்டது. இந்திய அரசு 2018 இல் சிறுதானியங்களை ஊட்டத் தானியங்கள் என அறிவித்தது. ஐக்கிய நாடுகள் அவை 2023 ஐப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. இவற்றால் நகரங்களில் சாமையின் விலை நெல்லரிசியை விஞ்சியுள்ளது. விளைவிப்போர் அதை உமியோடு விற்றுவிட்டு, வீட்டில் நெல்லரிசி சமைப்பதும் காணப்படுகிறது.