கடைசிக் கோழியைக் கொண்டுவராதீர்கள்

மாசி, பங்குனி வந்துவிட்டால் கால்நடை மருந்தகத்துக்கு வயர்கூடையில் கோழி வரத் தொடங்கிவிடும். கழுத்து முறுக்கி, தலை முதுகுப்பக்கம் திரும்பி, ஒரு கால் விறைத்து நீட்டிக்கொண்டிருக்கும். வால்பக்க இறகெல்லாம் பச்சையும் வெள்ளையுமாகக் கழிசல் ஒட்டியிருக்கும். "நேத்துவரைக்கும் நல்லா மேஞ்சுதுங்க சார்" என்பார்கள். வீட்டில் மொத்தம் எத்தனை என்று கேட்டால், "இருபது கெடந்துச்சு, இது ஒண்ணுதான் மிச்சம்" என்று பதில் வரும். முதல் கோழி செத்துப் பத்து நாளாகியிருக்கும். அந்தப் பத்து நாளில் வீட்டில் நடந்த வைத்தியத்தைக் கேட்கக் கேட்க வயிறு எரிகிறது. ஒவ்வொரு கோடையிலும் இதே கதை.

எது, எப்போது, எத்தனை?

மேய்ச்சலில் திரியும் கோழி எதனால் செத்தது என்பதைப் பாதிக்குமேல் நீங்களே சொல்லிவிட முடியும். எந்த வயதுக் கோழி செத்தது, எவ்வளவு வேகமாகச் செத்தது, அக்கம்பக்கத்திலும் சாகிறதா என்ற மூன்றை மட்டும் கவனித்திருந்தால் போதும்.

முந்தின நாள் ஆரோக்கியமாகப் பஞ்சாரத்தில் அடைந்த நாலைந்து கோழிகள் விடிவதற்குள் ஒன்றாகச் செத்துக் கிடக்கின்றன. இரைப்பையைத் தொட்டால் தீனி நிறைந்து கெட்டியாக இருக்கிறது. இப்படி இருந்தால் முதலில் விஷத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். எலிமருந்து கலந்த சோறு, விதைநேர்த்தி செய்து மிச்சம் வைத்த மக்காச்சோளம், மருந்தடித்த வயலில் துடித்துக் கிடந்த புழு என எதையாவது தின்றிருக்கும். இரைப்பையை அறுத்ததும் பூண்டு வாடை அடித்தால் துத்தநாகப் பாஸ்பைடு எலிமருந்தாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகள் மட்டும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு குறுகி நின்று, எச்சத்தில் ரத்தம் போனால் அது ரத்தக் கழிச்சல். ஈரத்தில் பெருகும் ஒட்டுண்ணி அது. மழைக்குப் பிறகு பஞ்சாரத்தடி மண்ணை மாற்றாத வீடுகளில்தான் அதிகம் பார்க்கிறேன். மாதக்கணக்கில் இளைத்து, தடவினால் நெஞ்செலும்பு கத்தி விளிம்பாகக் கையில் இடறினால் குடற்புழு. கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் கிளம்பினால் அம்மை. கொசு பரப்புகிறது.

பெரியது, சிறியது என்று பார்க்காமல் நாளுக்கு இரண்டு மூன்றாகச் சரிந்து, தெரு முழுக்க அதே பேச்சாக இருந்தால் வேறு யோசனையே வேண்டாம். அது வெள்ளைக் கழிச்சல். கோழிக்கழிச்சல், ராணிக்கெட் நோய் என்பதும் இதுதான். தடுப்பூசி போடாத கூட்டத்தில் புகுந்தால் அநேகமாக ஒன்றையும் மிச்சம் வைக்காது. தப்பிப் பிழைக்கும் ஒன்றிரண்டும் கழுத்துக் கோணலோடு தட்டுத்தடுமாறித் திரியும்.

மாத்திரைக் கடை வைத்தியம்

வெள்ளைக் கழிச்சல் வைரஸால் வருவது. அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது, என்னிடமும் கிடையாது. ஆனால் மருந்துக் கடையில் டெட்ராசைக்ளின் கேப்சூல் வாங்கி, பிரித்து, சோற்றில் பிசைந்து ஊட்டாத வீடு குறைவு. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது. "போன வருஷம் குடுத்தேன், ரெண்டு பொழச்சுதே" என்கிறார்கள். கொடுக்காவிட்டாலும் அந்த இரண்டும் பிழைத்திருக்கும். இப்படிக் கண்ட நேரத்தில் கண்ட அளவில் கொடுத்துக் கொடுத்து, அந்த மருந்து உண்மையாகவே தேவைப்படும் சளி நோய்க்கும் கேட்காமல் போகிறது. மருந்து தின்ற கோழியை மறுநாளே அடித்துக் குழம்பு வைத்தால், மிச்ச மருந்து உங்கள் பிள்ளைகளின் தட்டுக்கும் வருகிறது.

மிளகு, சீரகம், மஞ்சள், கீழாநெல்லி அரைத்து உருட்டிக் கொடுப்பதை நான் தடுப்பதில்லை. இரை எடுக்கும் கோழிக்கு அது கெடுதல் செய்யாது. அதை நம்பித் தடுப்பூசியைத் தள்ளிப்போடுவதுதான் கெடுதல். வாய்க்குள் மண்ணெண்ணெய் ஊற்றுவதை மன்னிக்கவே முடியாது. மூச்சுக்குழலில் இறங்கினால் நோயில் சாகாத கோழியும் அதில் செத்துவிடும்.

முகத்தில் செள் அப்பியிருக்கிறது என்று பருத்திக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் துணியில் நனைத்துத் துடைக்கிறார்கள். தோல் வழியாகவே விஷம் ஏறி, வாயில் நுரை தள்ளிச் சாகிறது. அம்மைக் கொப்புளத்தின் பொருக்கைப் பிய்த்து எடுப்பது இன்னொரு கொடுமை. ரத்தம் கசியும், புண் சீழ் பிடிக்கும், கண்ணே போய்விடும். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தடவிவிட்டுச் சும்மா இருங்கள்.

நாட்டுக்கோழிக்கு நோய் வராது என்ற நம்பிக்கையும் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வெயில் தாங்கும், கிடைத்ததைத் தின்று வளரும் என்பதெல்லாம் உண்மை. இந்த வைரஸுக்கு முன்னால் அந்த வலு செல்லாது.

சந்தைக்கு ஓடும் கோழி

தூங்கி வழியத் தொடங்கியதும் பலர் செய்கிற முதல் காரியம், வந்த விலைக்குத் தள்ளிவிடுவது. வாங்கிப் போகிறவர் அதை இன்னொரு ஊர்க் கூட்டத்தில் விடுகிறார். அடுத்த வாரம் அந்த ஊரே காலியாகிறது. விற்காதவர்கள் அறுக்கிறார்கள், கழுவிய தண்ணீர், குடல், இறகு எல்லாம் குப்பைமேட்டுக்குப் போக, மிச்சக் கோழிகள் அங்கேயே கிளறுகின்றன. செத்ததை ஓடையில் வீசினால் நாயும் காக்கையும் தெருத்தெருவாக இழுத்துப் போகும். ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். காக்கைகளும் சேர்ந்து செத்து விழுந்தால் எதையும் வெறுங்கையால் தொடாமல் உடனே மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். பறவைக்காய்ச்சலாகவும் இருக்கலாம்.

"ஊசி போட்டுத்தான் செத்துச்சு"

இந்தப் புகாரைக் கேட்காத கால்நடை மருத்துவர் இருக்க மாட்டார். வெள்ளைக் கழிச்சல் கிருமி உள்ளே போய் அறிகுறி தெரிய ஐந்தாறு நாள் ஆகும், சில நேரம் இரண்டு வாரம்கூட. பக்கத்து வீட்டில் சாகத் தொடங்கிய பிறகு பதறிப்போய் ஊசி போட வருகிறீர்கள். உங்கள் கோழிக்குள் கிருமி அதற்கு முன்பே போயிருக்கும். ஊசியின் பலன் உடலில் ஏற ஒன்றிரண்டு வாரம் வேண்டும். இடையில் செத்தால் பழி ஊசிமேல் விழுகிறது. முட்டையிடும் கோழிக்குப் போட்டால் சில நாள் முட்டை குறையும், அது மெய்தான். ஆனால் அதற்காக மொத்தக் கோழியையும் பலி கொடுப்பதா?

சோதனை

நீங்களே கண்டுபிடிக்க முடியாததை மருந்தகத்தில் சோதித்துச் சொல்கிறோம். எச்சத்தைப் பார்த்தால் புழுவும் ரத்தக் கழிச்சலும் தெரியும். செத்து அதிக நேரமாகாத கோழியை அறுத்துப் பார்த்தால் மற்றது தெரியும்.

தயவுசெய்து இதைச் செய்யுங்கள்

முதல் கோழி செத்த அன்றே, அதையே எடுத்துக்கொண்டு வாருங்கள். இருபதையும் கொன்ற பிறகு நோயின் பெயரைத் தெரிந்து உங்களுக்கு என்ன லாபம்? சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு வாரமாவது தனியாக அடைத்து வையுங்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். வெள்ளைக் கழிச்சல் ஊசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு மருந்து கொடுங்கள். குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்காம் வாரம் மறுபடி, எட்டாம் வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி. எட்டு வாரம் ஆகாத குஞ்சுக்கு அந்த ஊசி ஆகாது, அவசரப்படுத்தாதீர்கள். 1932 முதல் இயங்கும் ராணிப்பேட்டை கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் இந்தத் தடுப்பூசியைத் தயாரிக்கிறது. கோடைக்கு முன்னால், பிப்ரவரியில், கால்நடைத் துறை ஊர் ஊராக முகாம் நடத்தி இலவசமாகவே போடுகிறது. எத்தனையோ ஊர்களில் பனிக்கட்டிப் பெட்டியோடு நிற்கிறோம், "இப்பத்தான் தொறந்து விட்டேன், எங்க போய்ப் புடிக்கிறது?" என்கிறார்கள். கலக்கிய மருந்து இரண்டு மணி நேரத்துக்குமேல் தாங்காது. முகாம் அன்று மட்டும் காலையில் பஞ்சாரத்தைத் திறக்காதீர்கள். பக்கத்து வீட்டிலும் முந்தின நாள் ராத்திரியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.