குப்பைப் புகை எங்கே போய்ச் சேருகிறது?

செம்பைப் பிரித்தெடுக்கப் பழைய ஒயர்களைக் குவித்துத் தீ வைப்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம். ஒயரின் பிவிசி உறையில் குளோரின் இருக்கிறது. திறந்த வெளியில் அது அரைகுறையாக எரியும்போது டையாக்சின் உருவாகிறது. அது நம் உயிரணுக்களில் போய் ஒட்டிக்கொள்ளும் புரதத்துக்கு அரைல் ஹைட்ரோகார்பன் ஏற்பி என்று பெயர்.

1976-இல் ஆலன் போலண்ட் குழுவினர் டையாக்சின் எதில் ஒட்டுகிறது என்று எலியின் ஈரலில் தேடியபோதுதான் இந்த ஏற்பி பிடிபட்டது. அதே ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி இத்தாலியின் செவேசோ அருகே ஓர் ஆலையிலிருந்து டையாக்சின் கசிந்து, குழந்தைகளின் முகமெல்லாம் கொப்புளித்தது. அதனால் நெடுங்காலம் இந்த ஏற்பியை நஞ்சோடு மட்டுமே சேர்த்துப் பேசினார்கள்.

உண்மையில் இதற்கு அன்றாட வேலைகள் ஏராளம். கருவில் ஈரலுக்குள் போகாமல் ரத்தத்தைக் கடத்திவிடும் ஒரு குழாய், பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பி இல்லாத எலிகளில் அது மூடுவதில்லை, ஈரலும் சிறுத்துப்போகிறது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர் சாப்பிட்டால் வயிற்று அமிலத்தில் உண்டாகும் சில பொருள்கள் இதைத் தூண்டுகின்றன. குடல் சுவரின் நோய் எதிர்ப்பு அணுக்கள் நிலைப்பது அந்தத் தூண்டுதலால்தான். தோலின் மேலடுக்கு உறுதிப்படவும் இது வேண்டும். இதைத் தூண்டும் டாபினரோஃப் என்ற களிம்பைச் சொரியாசிஸுக்கு 2022-இல் அமெரிக்கா அனுமதித்திருக்கிறது.

அப்படியானால் டையாக்சின் மட்டும் ஏன் கெடுக்கிறது? காய்கறியிலிருந்து வரும் பொருள் ஏற்பியைத் தூண்டியதும் சில நொதிகள் உருவாகி, அந்தப் பொருளையே சிதைத்துவிடும். தூண்டுதல் சீக்கிரம் அடங்கிவிடும். டையாக்சினை அந்த நொதிகளால் எளிதில் சிதைக்க முடியாது. உடலில் புகுந்ததில் பாதி குறையவே 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும். அதுவரை ஏற்பிக்கு ஓய்வில்லை. ஹார்மோன், நோய் எதிர்ப்பு, கரு வளர்ச்சி எல்லாம் குலையலாம். புற்றுநோய் அபாயமும் உண்டு.

மூக்கைப் பொத்திக்கொண்டால் தப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். உடலுக்குள் வரும் டையாக்சினில் 90 சதவீதத்துக்கு மேல் உணவு வழியாகவே வருகிறது. புகை புல்லில் படிகிறது, மாடு மேய்கிறது, பாலின் கொழுப்பில் சேர்கிறது. தாய்ப்பாலிலும் இப்படிச் சேருமே என்று பயந்து அதை நிறுத்திவிட வேண்டாம், தாய்ப்பாலின் நன்மையே பெரிது. டையாக்சினை வெளியேற்றும் என்று விற்கும் பொடிகளுக்கும் காசு கொடுக்காதீர்கள்.

எரிப்பதைத் தடுப்பதுதான் வழி, அதற்குச் சட்டம் துணை நிற்கிறது. மாசற்ற காற்றும் நீரும் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. குப்பையைத் திறந்த வெளியில் எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் இழப்பீடு என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. உங்கள் தெருவில் எரித்தால் தேதி, இடம் தெரியும்படி படம் எடுத்து, உள்ளாட்சி அலுவலகத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலும் எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நடவடிக்கை இல்லையென்றால் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னையிலுள்ள தென்மண்டல அமர்வுக்கு வழக்கறிஞர் இல்லாமலும் போகலாம். ஆனால் பிரச்சினை தொடங்கி ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். நாளைக் கடத்தாதீர்கள்.