ஐந்து தலைமுறைக்கு ஒரு வாய்க்கால்

கிமு 209. செலூகிய அரசன் மூன்றாம் அந்தியோக்கஸ் பெரும்படையோடு ஈரானின் வடக்குப் பாலை விளிம்பில் முன்னேறிக்கொண்டிருந்தான். தண்ணீரே இல்லாத அந்த வெளியில் இத்தனை ஆட்களை இழுத்துக்கொண்டு எவனும் வரமாட்டான் என்று பார்த்திய அரசன் அர்சாகேஸ் நம்பியிருந்தான். வந்துவிட்டான் என்று தெரிந்ததும் குதிரைவீரர்களை அனுப்பி, பாலையில் இருந்த கிணறுகளின் வாயைத் தூர்க்கச் சொன்னான். அந்தியோக்கஸின் வீரர்கள் விரைந்து போய் அவர்களைத் துரத்தினார்கள். படை பிழைத்தது.

இதை எழுதிவைத்த கிரேக்க வரலாற்றாசிரியர் போலிபியஸுக்குப் போரைவிட அந்தக் கிணறுகளில்தான் ஆர்வம் அதிகம். நிலத்துக்கு மேலே ஒரு சொட்டு நீரும் தெரியாது, ஆனால் அடியில் வாய்க்கால் ஓடுகிறது என்கிறார். அது எங்கே தொடங்குகிறது என்பது அந்த நீரைக் குடிப்பவர்களுக்கே தெரியவில்லையாம். கூடவே ஒரு செய்தியும் சொல்கிறார். பாரசீகர்கள் ஆசியாவை ஆண்ட காலத்தில், அதுவரை தண்ணீர் காணாத நிலத்துக்கு ஊற்றுநீரைக் கொண்டுவந்தவருக்கு, அந்த நிலத்தை ஐந்து தலைமுறைக்கு உழுதுண்ணும் உரிமை கொடுக்கப்பட்டது.

பாரசீகம் என்றால் பெர்செபோலிஸ் தூண்களையும், கிரேக்கத்தோடு நடந்த போர்களையுமே பள்ளிப் புத்தகங்கள் நமக்குச் சொல்லித் தந்தன. என்னைக் கேட்டால், சைரஸும் டாரியஸும் வென்ற நாடுகளைவிட இந்த ஒரு சட்டமே அந்த நாகரிகத்தை நன்றாகக் காட்டுகிறது.

அந்த நிலத்தடி வாய்க்காலுக்குப் பெயர் கனாத். ஈரானின் நடுப்பகுதி உயர்ந்த வறண்ட பீடபூமி. யஸ்த் நகரில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 60 மில்லிமீட்டர்தான். நம் ஊர் ஐப்பசியில் ஒரே நாளில் இதைவிட அதிகம் கொட்டிவிடும். ஆனால் சுற்றிலும் உள்ள மலைகளில் பனி விழுகிறது. அது உருகி, மலையடிவாரத்தில் விசிறிபோல் பரந்து கிடக்கும் சரளையிலும் மணலிலும் இறங்கி நிலத்தடியில் தங்குகிறது. ஊரோ பல கல் தொலைவில், தாழ்வான சமவெளியில். நடுவே திறந்த வாய்க்கால் வெட்டினால் வெயில் பாதியைக் குடித்துவிடும், மிச்சத்தை மணல் உறிஞ்சிவிடும். ஆகவே வாய்க்காலையே நிலத்துக்கு அடியில் கொண்டுபோனார்கள்.

முதலில் மலையடிவாரத்தில் நீர் தட்டும்வரை ஒரு கிணறு தோண்டுவார்கள். அதற்குத் தாய்க்கிணறு என்று பெயர். அங்கே நீர் போதுமானது என்று உறுதியான பிறகு, வேலை எதிர்முனையில் தொடங்கும். ஊர்ப்பக்கம் நீர் வெளியே வரவேண்டிய இடத்தில் நுழைந்து, தாய்க்கிணற்றை நோக்கிக் குனிந்தபடியே சுரங்கம் வெட்டிக்கொண்டு போவார்கள். வழியெங்கும் சில பத்து மீட்டருக்கு ஒரு செங்குத்துக் குழி: மண்ணை மேலே ஏற்ற, கீழே இருப்பவன் மூச்சுவிட. ஏற்றிய மண்ணைக் குழியின் வாயைச் சுற்றிக் கொட்டிவிடுவதால் வெள்ளம் வந்தாலும் உள்ளே புகாது. விமானத்திலிருந்து பார்த்தால் இந்த மண்வளையங்கள் பாலையில் நேர்கோடாக நீண்டுகொண்டே போவது தெரியும்.

கடினமான காரியம் தோண்டுவதல்ல, சரிவு. நீர் தானாக ஓட வேண்டும். ஆனால் வேகமாக ஓடக்கூடாது. சரிவு கொஞ்சம் கூடினால் நீர் தரையை அரித்து, பக்கச்சுவரைக் கரைத்து, கூரை இடிந்து விழும். குறைந்தால் வண்டல் படிந்து அடைத்துக்கொள்ளும். நீளமான கனாத்துகளில் ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் அல்லது அதற்கும் குறைவாகத்தான் சரிவு வைப்பார்கள். குனாபாத்தில் உள்ள கஸபே கனாத்தின் நீளம் 33 கிலோமீட்டர். அதன் தாய்க்கிணறு 200 மீட்டருக்கும் அதிக ஆழம். அந்த ஆழத்தில், இருட்டில், ரசமட்டம் இல்லாத காலத்தில் இந்தக் கணக்கைப் பிசகாமல் காப்பாற்றியிருக்கிறார்கள். சுரங்கம் நேராகப் போகிறதா என்று பார்க்க இரண்டு எண்ணெய் விளக்குகளை முன்னும் பின்னுமாக வைத்து, ஒன்றை ஒன்று மறைக்கிறதா என்று கவனிப்பார்கள். விளக்கு மங்கினால் காற்று கெட்டுவிட்டது, உடனே மேலேற வேண்டும். பல நூற்றாண்டுகள் கழித்து, 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அல்கராஜி என்ற கணித மேதை மறைந்த நீரை வெளிக்கொணர்வது பற்றித் தனி நூலே எழுதினார். இயற்கணிதத்தில் பெயர் பெற்ற அவர், மட்டம் பார்க்கும் கருவிகளை அதில் விளக்குகிறார்.

தோண்டுபவர்களுக்கு முகன்னி என்று பெயர். தந்தையிடமிருந்து மகன் கற்கும் தொழில். மண் சரிந்து எத்தனையோ பேர் உள்ளேயே புதைந்திருக்கிறார்கள்.

இந்த நுட்பம் பாரசீகர்களின் சொந்தக் கண்டுபிடிப்பா என்று ஆய்வாளர்களிடையே சச்சரவு உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் அய்ன் பகுதியில் ஏறத்தாழ 3,000 ஆண்டு பழைய நிலத்தடி வாய்க்கால்கள் கிடைத்திருக்கின்றன. முதலில் வெட்டியது யார் என்பதைவிட, அதை நெடுங்காலம் ஓட வைத்தது யார் என்பதே எனக்குப் பெரிய கேள்வியாகப் படுகிறது. எகிப்தின் கார்கா பாலைவனச் சோலையில், பாரசீகர் ஆட்சியிலிருந்த கிமு 5ஆம் நூற்றாண்டில் இத்தகைய வாய்க்கால்கள் ஓடின. அங்கே அகழ்ந்தெடுத்த பானையோடுகளில் நீர்ப்பங்கு ஒப்பந்தங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. இத்தனை நாள் நீர் இன்னாருக்கு என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். விற்பதும் வாங்குவதும் நிலம் மட்டுமல்ல, நேரமும்தான்.

ஈரானில் அந்த நேரத்தை அளந்தது ஒரு செம்புக் கிண்ணம். அடியில் நுண்துளை போட்டு, நீர் நிறைந்த பெரிய பாத்திரத்தில் மிதக்கவிடுவார்கள். நிறைந்து மூழ்கினால் ஒரு அளவு முடிந்தது. நம் முன்னோரின் நாழிகை வட்டிலுக்கு உறவுக்காரக் கருவி. யார் வயலுக்கு எத்தனை கிண்ணம் என்று எண்ணி மடையைத் திருப்பும் நீர் அலுவலருக்கு மீராப் என்று பெயர்.

அந்த நீரைப் பனிக்கட்டியாகவும் ஆக்கினார்கள். யக்சால் என்ற பனிக்கட்டி வீடுகள் சிலவற்றைக் கெர்மானிலும் மேபோதிலும் இன்றும் பார்க்கலாம். நின்றுகொண்டிருப்பவை சில நூற்றாண்டுப் பழமையானவை. குளிர்கால இரவில் கனாத்து நீரை ஆழமில்லாத தொட்டிகளில் பரப்புவார்கள். தெற்குப் பக்கம் உயர்ந்த மண்சுவர் பகல் வெயிலை மறைக்கும். பாலையின் வானம் தெளிவானது, காற்றில் ஈரம் குறைவு. தொட்டி நீர் தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு விட்டுவிடுகிறது. திருப்பி அனுப்ப மேகம் இல்லை, நீராவியும் குறைவு. அதனால் காற்று உறைநிலைக்குச் சற்று மேலே இருக்கும்போதுகூட நீர் உறைந்துவிடுகிறது. விடியுமுன் கட்டிகளை வெட்டி, தடித்த சுவர் கொண்ட மண்குவிமாடத்தின் அடியில் உள்ள குழியில் வைக்கோலிட்டு அடுக்குவார்கள். கோடையில் பழரசத்துக்குப் பனிக்கட்டி தயார்.

கனாத்தின் பெரிய சிறப்பு, அதனால் பேராசைப்பட முடியாது என்பதுதான். சுரங்கத்தின் தரைக்கு மேலே இருக்கும் நீர் மட்டுமே வழிந்து வரும். மலையில் பனி குறைந்தால் ஓட்டமும் குறையும், ஊரும் அடங்கிக்கொள்ளும். ஆழ்துளைக் கிணறு அப்படியில்லை. மோட்டாருக்குக் கீழ்மட்டம் என்பது குழாயின் நீளம்தான். 1960களுக்குப் பிறகு ஈரானெங்கும் ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. நீர்மட்டம் இறங்கியது, பல கனாத்துகள் வறண்டன. தெஹ்ரானைச் சுற்றிய சமவெளியில் சில இடங்கள் ஆண்டுக்கு 20 சென்டிமீட்டருக்கும் மேல் அமுங்கிக்கொண்டிருக்கின்றன. அமுங்கி நெருங்கிய மண்ணில் பழையபடி நீர் தங்காது. 2016இல் யுனெஸ்கோ பதினொரு கனாத்துகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நல்ல காரியம்தான், ஆனால் பட்டியலால் நீர்மட்டம் உயராது.

கனாத்துகளைப் பார்க்க ஈரானுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. பாமினி சுல்தான்கள் காலத்தில் பாரசீக நுட்பத்தில் வெட்டிய இத்தகைய நிலத்தடி வாய்க்கால்கள் கர்நாடகத்தின் பீதரில் இருக்கின்றன. அங்கே அவற்றைக் கரேஸ் என்பார்கள். பீதர் போகிறவர்கள் கோட்டையோடு திரும்பிவிடாமல், நவ்பாத் கரேஸையும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.