மங்கைக் கவிழ்ப்போம், கடியைத் தவிர்ப்போம்

பொழுது புலரும் முன்னரே நிரைக்குச் செல்லும் பால்மரத் தொழிலாளர்களுக்குக் கொசுக்கடி புதியதன்று. லாபு, மந்தின், தம்பின், பகாவ் என நெகிரி செம்பிலானின் எவ்வட்டாரமாயினும், இடுப்பில் தொங்கும் தகரக் குவளையில் கொசுவர்த்தி புகைய மரம் சீவுவோர் உண்டு. கடியைப் பொறுத்துக்கொள்வது நமக்கு வழக்கமாகிவிட்டது. அக்கொசு எங்கே பிறந்தது என்பதை எண்ணிப் பார்த்தோமா?

பெரும்பாலும் அது நம் நிரையிலேயே பிறந்தது. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு, நிமிர்ந்து கிடக்கும் மங்கில் தேங்கிய மழைநீரே போதும். முட்டை கொசுவாகிப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள்களே ஆகும். இலையுதிர் காலத்தில் பால் வெட்டு நிற்கும்போது மங்குகள் பல வாரம் கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன. இக்கொசு காலையிலும் மாலையிலும் மிகுதியாகக் கடிக்கும். காலை வேளையோ நாம் நிரையில் நிற்கும் நேரம்.

தோட்டங்களுக்கு இது பழைய பாடமே. 1901ஆம் ஆண்டில் கிள்ளானில் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நீரை வடியச் செய்து மலேரியாவைத் தணித்தார். மலைப்பாங்கான தோட்டங்களில் வெயில்படும் ஓடைகளில் வேறு வகைக் கொசு பெருகியது. அங்கு ஓடைகளில் எண்ணெய் தெளித்தனர். கொசுவை விரட்டுவதினும் அது பிறக்கும் நீரை ஒழிப்பதே சிறந்தது என்பதை அன்றே கண்டனர்.

ஆகவே, வெட்டு இல்லாத நாள்களில் மங்குகளைக் கவிழ்த்து வைப்போம். வீட்டருகே கிடக்கும் சிரட்டை, தகர டப்பா, பழைய டயர் ஆகியவற்றை அகற்றுவோம். ஏடிஸ் முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். எனவே தண்ணீர்த் தொட்டியை வாரந்தோறும் தேய்த்துக் கழுவி மூடுதல் வேண்டும்.

முழுக்கைச் சட்டையும் நீண்ட காற்சட்டையும் நல்ல காப்பு. மலாய் மொழியில் 'செராய் வாங்கி' எனப்படும் நறுமணப் புல்லின் எண்ணெயும் கொசுவை விலக்கும். ஆனால் அது விரைவில் ஆவியாகிவிடுவதால் மீண்டும் மீண்டும் பூச வேண்டும். வேப்பிலைப் புகை போடுவோர், கைக்குழந்தை உள்ள அறையில் அதனைத் தவிர்ப்பது நலம்.

கடித்த இடத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைத்தால் அரிப்பும் வீக்கமும் தணியும். கற்றாழைச் சோறும் குளிர்ச்சி தரும். சொறிதல் கூடாது, நகத்தழுக்கால் புண்ணாகும். சுண்ணாம்பு தோலை அரிக்குமாதலால் அதனைத் தடவலாகாது. தேனீ கொட்டினால் கொடுக்கை உடனே அகற்ற வேண்டும். குளவி பல இடங்களில் கொட்டினாலோ, முகம் வீங்கி மூச்சுத் திணறினாலோ, கைவைத்தியத்தில் நேரம் போக்காமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

இலையும் எண்ணெயும் அரிப்பைத் தணிக்கும், டிங்கியைத் தணிக்கமாட்டா. காய்ச்சல் கண்டால் மருத்துவ நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வோம். ஆஸ்பிரின் இரத்தக் கசிவை மிகுவிக்குமாதலால் அதனை உட்கொள்ளலாகாது. காய்ச்சல் இறங்கியதும் ஆபத்து நீங்கியதென எண்ணவும் கூடாது. அவ்வேளையில் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, பல்லீறில் இரத்தம் ஆகியவை தோன்றின் நொடியும் தாமதிக்கலாகாது.

நம் நிரையிலுள்ள மங்குகளைக் கவிழ்க்கப் பணம் செலவில்லை. நாம் கவிழ்க்கும் ஒவ்வொரு மங்கும் நம் பிள்ளைகளுக்கும் அண்டை வீட்டாருக்கும் காவலாகும்.