டிராக்டர் அதிர்வும் முதுகெலும்பின் நலமும்

சிங்கப்பூரின் வடகிழக்கிலுள்ள செங்காங், முன்னாளில் ரப்பர், மிளகு, அன்னாசித் தோட்டங்கள் நிறைந்திருந்த இடமாகும். 1990ஆம் ஆண்டுகளில் அங்கு அடுக்குமாடிப் புதுநகர் எழுந்தது. ஃபார்ம்வே என்னும் இரயில் நிலையத்தின் பெயர் இன்றும் பழைய பண்ணைகளை நினைவூட்டுகிறது. மரங்கள் மறைந்தாலும் இயந்திர உழைப்பு அங்கு மறையவில்லை. சிங்கப்பூரின் சாலையோரங்களில் புல்வெட்டும் இயந்திரத்தைத் தோளில் மாட்டி உழைப்போருள் தமிழகத்திலிருந்து சென்றவர்களும் உளர். இயந்திரத்தின் அதிர்வை அவர்தம் கைகள் ஏற்கின்றன. நம் தோட்டங்களில் டிராக்டர் ஓட்டுபவரோ அதனை உடல் முழுவதும் ஏற்கிறார்.

ஓட்டுநருக்கு இடுப்பு வலித்தால், ‘வாயுப் பிடிப்பு’ என்றோ ‘வயதாகிவிட்டது’ என்றோ கூறித் தைலம் தேய்ப்பது வழக்கம். உண்மைக் காரணம் அவர் அமர்ந்திருக்கும் இருக்கையின் கீழ் இருக்கக்கூடும்.

முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன. விநாடிக்கு ஏறத்தாழ 4 முதல் 8 முறை வரை மேலும் கீழுமாக எழும் குலுக்கல் முதுகெலும்பை மிகுதியாக ஆட்டுகிறது. மேடுபள்ளமான செம்மண் பாதையில் ஓடும் டிராக்டர் இத்தகைய குலுக்கலையே தருகிறது. அது ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் வட்டுகள் தேய்ந்து நரம்பை அழுத்தலாம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2002ஆம் ஆண்டில் 8 மணி நேர வேலைக்கு அதிர்வின் வரம்பை வகுத்தது. அக்கணக்கின்படி, அதிர்வு இரு மடங்கானால் அதனை ஏற்கும் நேரம் நான்கில் ஒரு பங்காகக் குறைதல் வேண்டும். அதாவது, 8 மணி நேரம் 2 மணி நேரமாகிவிடும்.

ஆகவே, ஓட்டுநர்கள் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நலம்:

பள்ளமான பாதையில் வேகத்தைக் குறைத்திடுக. இருக்கையைத் தம் உடல் எடைக்கேற்பச் சரிசெய்திடுக. கிழிந்த மெத்தையையும் பழுதான சுருள்வில்லையும் மாற்றித் தருமாறு நிர்வாகத்திடம் கேட்டிடுக. டயரில் உரிய அளவே காற்று இருக்கட்டும். இடையிடையே இறங்கிச் சற்று நடந்திடுக. இறங்கும்போது குதித்தல் ஆகாது. இறங்கியவுடன் பாரம் தூக்குவதும் கூடாது.

வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்தாலோ தாமதியாது மருத்துவரைக் காண வேண்டும். சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலும், இரு கால்களும் தளர்ந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். புல்வெட்டும் இயந்திரத்தைப் பிடிப்பவருக்கு விரல்கள் கூசினாலோ மரத்தாலோ அதுவும் எச்சரிக்கையே.

மலேசியாவில் 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலில், அதிர்வினால் தசை, எலும்பு, மூட்டு, நரம்பு ஆகியவற்றுக்கு நேரும் நோய்களும் இடம்பெற்றுள்ளன. எனவே, எத்தனை ஆண்டுகள், நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் டிராக்டர் ஓட்டினோம் என்பதை மருத்துவரிடம் தெளிவாகக் கூறிப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். வேலையைக் கூறாமல் வலியை மட்டும் கூறினால், நோயின் காரணமும் நமக்குரிய உதவியும் மறைந்துபோகக்கூடும்.

டிராக்டருக்கு எண்ணெய் பார்க்கிறோம், காற்றுப் பார்க்கிறோம். அதனை ஓட்டும் உடலையும் அவ்வாறே பேணுவோமாக.