ஹிஷாம் வீட்டு ஹதீஸ்

நபிமொழிகளைத் தொகுத்த ஹதீஸ் நூல்களில் ஓர் அறிவிப்பாளர் வரிசை அடிக்கடி வரும்: மதீனாவில் வாழ்ந்த ஹிஷாம், தம் தந்தை உர்வாவிடம் கேட்டது, உர்வா, ஆயிஷா நாயகியிடம் கேட்டது. நபிகள் நாயகத்தின் துணைவியாரான ஆயிஷா, உர்வாவுக்குச் சின்னம்மா. வீட்டுக்குள் போய்ச் சந்தேகம் கேட்கும் உரிமை அவருக்கு இருந்தது.

இன்னொரு வழி இதைவிடச் சுவையானது. ஹிஷாமின் மனைவி ஃபாத்திமா, அவருடைய தந்தையின் சகோதரர் மகள்தான். ஆயிஷாவின் அக்காவும் உர்வாவின் தாயுமான அஸ்மா இருவருக்குமே பாட்டி. அஸ்மாவிடம் கேட்டதை ஃபாத்திமா கணவருக்குச் சொன்னார். துணியில் மாதவிடாய்க் கறை பட்டால்? சுரண்டி, தண்ணீர் விட்டுத் தேய்த்து அலசி, அதை உடுத்தியே தொழலாம். பெண்கள் வழியாக வந்த நபிகள் நாயகத்தின் இந்தப் பதில், ஹிஷாமின் மாணவர் இமாம் மாலிக்கின் ‘முவத்தா’ நூலில் இடம்பெற்றிருக்கிறது.