வகுப்பறைக்குள் நடப்பது என்ன? வீடியோ காட்டிய உண்மை

பிள்ளை காலையில் பள்ளிக்கூடம் போகிறான். மாலையில் வீடு திரும்புகிறான். இடையில் வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது? பெற்றோர் அறியார். மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போடுவதோடு சரி. ஆசிரியருக்கே பக்கத்து வகுப்பில் நடப்பது தெரியாது.

மூடிய அந்தக் கதவைத் திறந்து காட்டியது வீடியோ.

231 பாடங்கள்

1994-95ம் ஆண்டில் ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா ஆகிய 3 நாடுகளில் 8ம் வகுப்புக் கணக்குப் பாடங்கள் படம் பிடிக்கப்பட்டன. ஜெர்மனியில் 100, ஜப்பானில் 50, அமெரிக்காவில் 81. ஆக மொத்தம் 231. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் ஸ்டிக்லர் இந்த ஆய்வுக்குத் தலைமை வகித்தார்.

படம் பிடிப்பது எளிது. பலர் கூடி ஆராய்வதுதான் கடினம். காசெட்டில் ஒரு காட்சியைத் தேட, முன்னும் பின்னும் ஓட்டியாக வேண்டும். ஆகவே, படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். வகுப்பில் பேசியது அனைத்தும் எழுதப்பட்டு, ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு, அந்தந்த நொடியின் காட்சியுடன் இணைக்கப்பட்டது. வேண்டிய வரியைத் தொட்டால், அந்தக் காட்சி திரையில் வந்து நிற்கும்.

ஒரே பாடத்தை இருவர் தனித்தனியே பார்த்துக் குறிப்பு எழுதினார்கள். பிறகு குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாறுபட்டால் வீண் வாதம் இல்லை, காட்சியே சாட்சி!

"அது என்ன?"

ஒரு நாள் 3 நாட்டவரும் சேர்ந்து ஓர் அமெரிக்க வகுப்பின் படத்தைப் பார்த்தார்கள். பாடத்தின் நடுவே, பள்ளி ஒலிபெருக்கியில் பஸ் பற்றி அறிவிப்பு வந்தது. ஜப்பானியர் படத்தை நிறுத்தச் செய்து, "அது என்ன?" என்று கேட்டார். அமெரிக்கர்களுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. ஜப்பானியரோ விடவில்லை. பாடம் நடக்கும்போது குறுக்கிடலாமா என்று திகைத்தார். பிறகு எண்ணிப் பார்த்தார்கள். ஜப்பான் பாடங்கள் ஒன்றில்கூட இத்தகைய குறுக்கீடு இல்லை!

பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இது புதிதல்ல. உள்ளூர்க்காரருக்குப் பழகிப்போனது, புதிதாக வந்தவர் கண்ணில் முதல் நாளே படுகிறது அல்லவா?

இன்னொன்றும் தெரியவந்தது. மாணவர்கள் தாமாகக் கணக்குப் போடும் நேரத்தில், புதுவழியைச் சிந்திக்கச் செலவிட்டது ஜப்பானில் சுமார் 44 சதவீதம். அமெரிக்காவில் 1 சதவீதத்துக்கும் குறைவு. மற்ற நேரமெல்லாம் பெரும்பாலும் சொல்லிக் கொடுத்த முறையையே திரும்பத் திரும்பச் செய்தார்கள்.

யார் பேசுகிறார்?

அடுத்து, 1999ம் ஆண்டு ஆய்வு 7 நாடுகளின் 638 பாடங்களை எடுத்துக் கொண்டது. எல்லா நாட்டிலும், மாணவர் ஒரு சொல் பேசினால் ஆசிரியர் குறைந்தது 8 சொல் பேசினார்!

குற்றம் கண்டுபிடிப்பது இதன் நோக்கமல்ல. ஆசிரியரைக் கண்காணிக்க மூலையில் காமிரா வைப்பது வேறு. ஆசிரியர்கள் தாமே கூடி அமர்ந்து, தங்கள் பாடத்தைப் பார்த்துத் திருத்திக் கொள்வது வேறு. முன்னது அச்சத்தை வளர்க்கும். பின்னது பாடத்தை வளர்க்கும்.

இன்று சாதாரண செல்போனே இதற்குப் போதும். ஆனால் ஆசிரியர் சம்மதமும், பெற்றோர் அனுமதியும் அவசியம்.

அதுவரை, பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இன்றிரவு பிள்ளையிடம், "ஆசிரியர் என்ன சொன்னார்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "வகுப்பில் நீ என்ன பேசினாய்?" என்றும் கேளுங்கள்!